தப்பான மூலை

லுபர்ட் ஹாவர்காம்புக்குத் தராசுகளைச் சோதிப்பதுதான் தொழில். கௌடாவிலும் வூர்டனிலும் சீஸ் விற்கிறவர்களின் தராசுத் தட்டில் இரும்பு எடைக்கட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். முள் ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவார். கெஞ்சினாலும் மசிய மாட்டார், காபி கொடுத்தாலும் குடிக்க மாட்டார். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அல்ஃபெனில் கால்வாய் ஓரமாக ஒரு மாடி வீடு. இந்த மனிதர்தான் செத்துப்போன சிநேகிதரின் சொத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

சொத்து என்றதும் நிலம், வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அது செஸ் ஆடுகிற ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். சிரிக்கத் தோன்றும், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த உலகத்தில் அதுதான் பிள்ளை, அதுதான் மானம். வருஷத்துக்கு இரண்டு தடவை லைடனில் ஒரு சங்கக் கூடத்தில் கூடுவார்கள். இருபது ஆண்கள், இருபது கம்ப்யூட்டர்கள், ஒரு பெரிய பானை நிறையப் பட்டாணி சூப். மெஷின் சொல்லும் நகர்த்தலை ஆள் மரப்பலகையில் நகர்த்துவார், கடிகாரத்தைத் தட்டுவார். அவ்வளவுதான் ஆளின் வேலை. மெஷின் முட்டாள்தனமாக ஆடினாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும்.

ரெய்ன்டர் பொஸ்துமா அந்தக் கூட்டத்தில் பெரிய ஆள். தபால் ஆபீசில் வேலை, மாடியறையில் புரோகிராம். பதினோரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் லுபர்ட் அந்த மாடியறைக்குப் போனார். ரெய்ன்டர் எழுதுவார், லுபர்ட் சோதிப்பார். எங்கே தப்பு, எந்த நகர்த்தலில் தப்பு என்று கட்டம் போட்ட நோட்டில் குறித்துக் கொடுப்பார். தப்புக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எழுத மட்டும் வரவில்லை.

ஒரே ஒரு தடவை அவரிடம் ஒரு துண்டு வேலை வந்தது. ஆட்டத்தின் கடைசியில் ஒரு பக்கம் ராஜா, பிஷப், குதிரை, எதிர்ப்பக்கம் ஒற்றை ராஜா என்று மிஞ்சினால், பிஷப்பும் குதிரையும் இருக்கிற பக்கம் ஜெயிக்க முடியும். ஆனால் அது லேசில் முடிகிற காரியமில்லை. எதிரி ராஜாவைப் பலகையின் மூலைக்கு ஓட்ட வேண்டும். அதுவும் எந்த மூலைக்கும் இல்லை. பிஷப் எந்த நிறக் கட்டத்தில் ஓடுகிறதோ அதே நிறத்து மூலைக்கு. ஐம்பது நகர்த்தலுக்குள் முடிக்காவிட்டால் ஆட்டம் டிரா.

"இத நீ எழுதேன் லுபர்ட்," என்றார் ரெய்ன்டர். "எனக்குப் பொறுமை இல்லப்பா. நாலு காய் மிஞ்சினா நடுவரே அட்டவணையப் பாத்து யாருக்கு ஜெயம்னு தீர்ப்பு சொல்லிடுவாரு. அதுக்குப் போய் எவன் மண்டைய ஒடச்சுக்கறது?"

லுபர்ட் உடைத்துக்கொண்டார், இரண்டு குளிர்காலம். முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ரெய்ன்டர் தோளில் தட்டி, "நல்லா இருக்கு, சேத்துக்கலாம்," என்றார். சேர்க்கவில்லை. லுபர்ட்டும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது உள்ளே கிடந்து புண்ணாக உளைந்தது.

மார்ச் மாதம் ரெய்ன்டர் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மூன்று வாரம் கழித்து அவர் மனைவி ஹென்ரிகா ஒரு ஷூப்பெட்டி நிறைய ஃபிளாப்பிகளைக் கொண்டுவந்து லுபர்ட்டிடம் கொடுத்தார். "இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? உங்க கையில இருந்தா உசுரோட இருக்கும்," என்றார்.

உயிரோடுதான் இருந்தது. லுபர்ட் தன் பிஷப் குதிரைத் துண்டை அதில் சேர்த்தார். அந்த நிலை வந்தால் அதுதான் மிகப் பெரிய லாபம் என்று மெஷினுக்குப் புரியும்படி அதற்கு மதிப்பை ஏகத்துக்கு ஏற்றி வைத்தார். திருத்தத் திருத்த அதே ஃபிளாப்பிகளில் மேலே மேலே பதிந்தார். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. புரோகிராமுக்கு 'வாக்' என்று புதுப்பெயர் வைத்தார், அந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கும் பழைய எடைமண்டபத்தின் பெயர். நவம்பர் போட்டிக்கு விண்ணப்பம் வந்தது. 'எழுதியவர்' என்ற இடத்தில் ஒரே ஒரு வரி. பேனாவை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த வரியில் தன் பெயரை மட்டும் எழுதினார். இரண்டு பெயர் எழுத இடமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இடம் இருந்தது. நான் அந்த விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசிச் சுற்றுக்கு முன்னால், ஹென்ரிகா மழைக்கோட்டோடு கூடத்துக்குள் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்தார். பிறகு நேராக லுபர்ட்டிடம் வந்தார்.

"ரெய்ன்டர் பேரு எங்கயும் காணோமே, லுபர்ட்?"

சூப் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி லுபர்ட் நின்றார். அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். விண்ணப்பத்தில் விட்டுப்போச்சு, இப்போதே எழுதிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இது வேற, ஹென்ரிகா," என்றார். "நான் புதுசா எழுதினது."

"எட்டு மாசத்துலயா?"

"முன்னாடியே ஆரம்பிச்சிருந்தேன்."

ஹென்ரிகா திரும்பி நடுவர் மேஜைக்குப் போனார். நடுவர் கோல்தோஃப் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சட்டப் புத்தகம் அவருக்குப் பைபிள். அதில் ஒரு விதி உண்டு: பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று கொண்டுவருகிறவர் சங்கத்திலிருந்து ஆயுளுக்கும் விலக்கப்படுவார். லுபர்ட்டுக்கு அந்த விதி மனப்பாடம். அவருக்கு வீட்டில் ஆள் இல்லை, தெருவில் சிநேகிதம் இல்லை. 'என்னப்பா லுபர்ட்' என்று தோளில் கை போடுகிறவர்கள் உலகத்திலேயே இந்த இருபது பேர்தான். அவர்கள் முன்னால் திருடன் என்று வெளியே போக வேண்டும். சூப் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டார்.

கோல்தோஃப் அவரைக் கூப்பிட்டார்.

"அம்மா ஒரு புகார் சொல்றாங்க. நான் புரோகிராமப் பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்ச ஆளில்ல, லுபர்ட். ஆனா ரெய்ன்டரோட புரோகிராம பதினோரு வருஷமாப் பாத்திருக்கேன். அதோட நடை எனக்குத் தெரியும். நடுவுல புலி மாதிரி ஆடும். காய் கொறைஞ்சதும் தெச தெரியாம அலையும். உடனே ரெய்ன்டர் எங்கிட்ட ஓடி வந்து, 'சார், தீர்ப்பு சொல்லிடுங்க'ம்பாரு."

"என்னுது அப்படியில்ல சார்," என்றார் லுபர்ட். குரல் எப்படியோ திடமாக வந்தது. "தீர்ப்புக்கு வராது. கடைசி வரைக்கும் தானே ஆடும்."

"சரி, பாப்போம்," என்றார் கோல்தோஃப். "ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்றேன்." ஹென்ரிகா சூப் மேஜைப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை.

கடைசிச் சுற்றில் எதிரே ஹென்னி. ஐந்தோவனிலிருந்து வருகிற குண்டு மனிதர், வாய் ஓயாமல் பேசுவார். அவருடைய புரோகிராம் சுமார்தான். வாக் அறுபது நகர்த்தலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்தது. அந்த அறுபதும் ரெய்ன்டர். ஒவ்வொரு நகர்த்தலிலும் ரெய்ன்டர் மாடியறையில் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு சிரிப்பது லுபர்ட்டுக்குக் கேட்டது. கோல்தோஃபுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவை வந்து பின்னால் நின்று பலகையைப் பார்த்துவிட்டு, "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த 'ம்' லுபர்ட்டின் முதுகில் ஊசியாக இறங்கியது.

அறுபத்தோராவது நகர்த்தலில் வாக்கிடம் ராஜா, பிஷப், குதிரை, ஒரு சிப்பாய். ஹென்னியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். வேறு எந்தப் புரோகிராமாக இருந்தாலும் சிப்பாயைக் கட்டிக் காத்து ராணியாக்கப் பார்த்திருக்கும். வாக் தன் சிப்பாயைக் கொடுத்து எதிரியின் சிப்பாயை வாங்கியது. நாலு காய். பலகையில் லுபர்ட்டின் துண்டு மட்டும் நின்றது.

"அடப்பாவி, வேணும்னே வருது பாரு," என்றார் ஹென்னி. "சரி, முடிஞ்சுது. கோல்தோஃப் சார்! இங்க வாங்க, நாலு காய். தீர்ப்பச் சொல்லிட்டீங்கன்னா நான் அஞ்சு பத்து வண்டியப் புடிச்சுடுவேன்."

கோல்தோஃப் வந்து பார்த்தார். "அட்டவணைப்படி உங்களுக்கு ஜெயம், லுபர்ட். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எழுதிடறேன்."

அந்த விதி இருப்பதே எல்லோரும் ரயிலைப் பிடிக்கத்தான். சம்மதிக்காமல் ஆடுவேன் என்கிற உரிமை புத்தகத்தில் உண்டு, ஆனால் அதைக் கேட்கிறவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். லுபர்ட் சூப் மேஜையைப் பார்த்தார். ஹென்ரிகா இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடட்டும் சார்," என்றார்.

"என்னது?" ஹென்னியின் வாய் பிளந்தது. "முழுப் பாயின்ட்டக் கையில குடுக்கறாங்க, வேணாங்கறியா? ஒனக்கு வீட்டுக்குப் போனா தொறந்து விடறதுக்கு ஆளில்ல, சரி. எனக்குப் பொண்டாட்டி இருக்கா, சாமி."

"ஆடட்டும், ஹென்னி."

கோல்தோஃப் புருவத்தை உயர்த்தினார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சந்தேகம் லுபர்ட்டுக்குச் சாதகமாக ஓடியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தாளில் ஒரு கோடு போட உட்கார்ந்தார்.

முதல் பதினைந்து நகர்த்தல் அழகு. மெஷின் திரையில் எழுத்து வரும், லுபர்ட் காயை எடுத்து வைப்பார், கடிகாரத்தைத் தட்டுவார். எதிரி ராஜா நடுப்பலகையிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கியது. பிஷப் ஒரு வழியை அடைத்தது, குதிரை இன்னொன்றை. திசை தெரியாமல் அலைகிற ஆட்டமில்லை இது. எங்கே போகிறோம் என்று தெரிந்த ஆட்டம். சுற்றிலும் நாலைந்து பேர் கூடினார்கள். லுபர்ட்டுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக நெஞ்சு விம்மியது. ரெய்ன்டரே, பார்த்துக்கொள், இதைத்தான் நீ சேர்க்கவில்லை என்று மனசுக்குள் சொன்னார். செத்தவனிடம் பெருமை பேச வேண்டிய நேரமா அது? ஆனால் பேசினார்.

இருபத்தோராவது நகர்த்தலில் எதிரி ராஜா மூலைக்கு வந்து சேர்ந்தது. லுபர்ட் அந்த மூலையைப் பார்த்தார். வெள்ளைக் கட்டம். தன் பிஷப்பைப் பார்த்தார். அது நின்றது கறுப்புக் கட்டத்தில்.

இன்னொரு தடவை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு குளிர்காலம் சோதித்தாரே, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் காய்களை அடுக்கி ஆரம்பித்திருந்தார். வெள்ளைக் கட்டத்து பிஷப்பை வைத்து மட்டும். கறுப்புக் கட்டத்து பிஷப்பை ஒரு நாளும் வைத்துப் பார்க்கவில்லை. எந்த பிஷப்பாக இருந்தாலும் வெள்ளை மூலைக்கே ஓட்டு என்றுதான் எழுதியிருக்கிறார். ஒரே எடைக்கட்டியை வைத்து ஒரு தராசைச் சோதித்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடுகிறவனை அவரே வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்.

மூலையில் ராஜாவுக்கு மூச்சுத் திணறவில்லை. நழுவி வெளியே வந்தது. வாக் பொறுமையாகப் பின்னால் போய், அலுக்காமல், எதிர் முனையில் இருந்த இன்னொரு வெள்ளை மூலைக்கு அதை ஓட்ட ஆரம்பித்தது. தன் கையால் எடுத்து வைக்க வேண்டியவர் லுபர்ட். குதிரையை எடுக்கும்போது இது தப்பு என்று தெரியும். வைத்தார். கடிகாரத்தைத் தட்டினார்.

ஹென்னி மோசமான ஆளில்லை. முப்பதாவது கோட்டில் அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "லுபர்ட், கேளு. சுத்தி சுத்தி வருதுப்பா. இப்பவும் அட்டவணைப்படி ஒனக்குத்தான் ஜெயம். நான் சம்மதிக்கறேன். தீர்ப்புக்கு விட்டுடு."

"விதி இடம் குடுக்குது," என்றார் கோல்தோஃப், தாளிலிருந்து தலையெடுக்காமல்.

லுபர்ட்டுக்கு ஆம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இப்போது தீர்ப்புக் கேட்டால் அது ரெய்ன்டர் பதினோரு வருஷமாகச் செய்த காரியம். காய் குறைந்ததும் நடுவரிடம் ஓடி வருவது. அதைச் செய்த கணமே கோல்தோஃபுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"வேணாம்," என்றார்.

அப்புறம் இருபது நகர்த்தல். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். மேஜைகளில் ஒயரைச் சுருட்டுகிற சத்தம், சூப் பானையைக் கழுவுகிற சத்தம். ஹென்னி பேச்சை நிறுத்திவிட்டார், அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. ஐம்பதாவது கோட்டைப் போட்டுவிட்டு கோல்தோஃப் பேனாவை மூடினார்.

"டிரா."

ஹென்னி எழுந்து லுபர்ட்டின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். லுபர்ட் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இனி என்ன, கூப்பிடுவார்கள், கேட்பார்கள், சொல்லிவிடலாம் என்று ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருந்தார். எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை.

கோல்தோஃப் ஹென்ரிகாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நகர்த்தல் தாளை மேஜையில் விரித்தார்.

"அம்மா, நான் வாத்தியாரு, நேராச் சொல்லிடறேன். பாதி ஆட்டம் வரைக்கும் எனக்கும் நீங்க சொல்றது சரின்னுதான் பட்டுது. ஆனா இந்தக் கடைசி அம்பது இருக்கே, இது ரெய்ன்டரோடது இல்ல. அவரோடது இந்த எடத்துல சும்மா அலையும். இது அலையல. நேரா, தீர்மானமா, தப்பான மூலைக்குப் போகுது. எவனோ உக்காந்து இத எழுதியிருக்கான், தப்பா எழுதியிருக்கான்." லுபர்ட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "ரெய்ன்டர் தனக்குத் தெரியாதத எழுதவே மாட்டாரு. இந்த மாதிரி ஒரு தப்ப அவரு கையால வச்சிருக்க மாட்டாரு. இது வேற ஆளோட புரோகிராம். புகாரத் தள்ளுபடி பண்றேன்."

லுபர்ட்டுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அதற்கப்புறம்தான் மற்றது வந்தது. நன்றாக ஆடியதெல்லாம் இன்னொருவருடையது, தன்னுடையது என்று இருந்த ஒன்றும் தப்பு, அந்தத் தப்புத்தான் இப்போது தன்னைக் காப்பாற்றியிருக்கிறது. வாயைத் திறந்தார். கோல்தோஃப் அதற்குள் தாளை மடித்து ஃபைலில் வைத்துவிட்டார். லுபர்ட் வாயை மூடிக்கொண்டார். ஒரு வாக்கியம் போதும், அது வரவில்லை. இந்த இடத்தில் அவருக்காகப் பரிந்து பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

கூடத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். லுபர்ட் கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஹென்ரிகா அங்கே காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க லுபர்ட்," என்றார். "அத்தன பேர் முன்னால உங்கள அவமானப்படுத்திட்டேன். அவரு போனதுலேர்ந்து எனக்குப் புத்தி சரியில்ல. பாக்கறவங்க எல்லாம் அவரோடத எடுத்துக்கிட்டுப் போறாங்கன்னு தோணுது."

"பரவாயில்ல," என்றார் லுபர்ட்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஷூப்பெட்டி. நீங்க உங்களோடது தனியா வச்சிருக்கீங்க இல்ல, அப்ப அவரோடது சும்மாத்தானே கெடக்கும்? அதத் திருப்பிக் குடுத்துடுவீங்களா? எனக்கு அதப் போட்டுப் பாக்கத் தெரியாது. வீட்டுல இருக்கட்டும்னுதான்."

அந்த ஃபிளாப்பிகளின் மேல் எட்டு மாதம் பதிந்தாகிவிட்டது. ரெய்ன்டர் எழுதியபடி இருந்த புரோகிராம் இனி எங்கேயும் இல்லை. இருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான், வேறு பெயரில்.

"கெட்டுப்போச்சு ஹென்ரிகா. எங்க வீட்ல ஈரம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"பதினோரு வருஷம்," என்றார் ஹென்ரிகா. "ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"இல்ல."

ஹென்ரிகா தலையை ஆட்டினார். கைக்குட்டையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே மழை வலுத்திருந்தது. லுபர்ட்டின் இரண்டு கையும் பெட்டியில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இருங்க, கனமா இருக்கும்," என்று முன்னால் போய்க் கதவைத் திறந்து, அவர் வெளியேறும் வரை பிடித்துக்கொண்டு நின்றார்.